மதிகேடன் சங்கீதம் (சங்கீதம் 14, 53)

எபிரேய விவிலியத்தின் சங்கீத நூலில் 14, 53 என இரண்டு இடங்களில் ஏறத்தாழ ஒரே வடிவில் காணப்படும் பாடல். கடவுள் இல்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் மதிகேடனில் தொடங்குகிறது. வானத்திலிருந்து எட்டிப் பார்க்கும் கடவுளின் கண்ணுக்கு நன்மை செய்கிறவன் ஒருவன்கூடத் தென்படவில்லை என்று தீர்ப்புக் கூறுகிறது. சீயோனிலிருந்து மீட்பு வராதா என்ற ஏக்கத்தோடு முடிகிறது. பழைய கிரேக்க, லத்தீன் விவிலியங்களின் எண் வரிசையில் இவை 13, 52. இரண்டுக்கும் தலைப்பில் தாவீதின் பெயர் உண்டு. ஆனால் மீட்பை வேண்டும் கடைசி வசனம் பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தில் சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் எண்ணுகின்றனர்.

ஒரே பாடல் இருமுறை வரக் காரணம், சங்கீத நூல் பல சிறு தொகுப்புகளைச் சேர்த்துக் கட்டியது என்பதே. 14ஆம் சங்கீதத்தில் யாவே என்ற திருப்பெயர் நான்கு முறையும், ஏலோகிம் என்ற பொதுப்பெயர் மூன்று முறையும் வருகின்றன. 53இல் ஏழு இடத்திலும் ஏலோகிம்தான். 42 முதல் 83 வரையுள்ள பாடல்களைத் தொகுத்தவர்கள் திருப்பெயரைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். பாடல் அவர்கள் கைக்கு வந்தபோது பெயர் மாறியது. இதைவிடப் பெரிய வேறுபாடு நடுப்பகுதியில் உள்ளது. 14இல் கடவுள் நீதிமான்களின் கூட்டத்தோடு நிற்கிறார், ஏழையின் புகலிடமாக இருக்கிறார். 53இல் முற்றுகையிட்ட பகைவரின் எலும்புகளைச் சிதறடிக்கிறார். ஏழையின் முறையீடு அங்கே போர் வெற்றிப் பாட்டாகிவிட்டது. யூத உரையாசிரியர் ராஷி (1040–1105) இந்த இரட்டைக்கு வேறு விளக்கம் சொன்னார்: முதல் பாடல் முதல் ஆலயத்தை இடித்த நேபுகாத்நேச்சாரைப் பற்றியது, இரண்டாவது இரண்டாம் ஆலயத்தை எரித்த ரோமத் தளபதி தீத்துவைப் பற்றியது.

இந்த மதிகேடன் யார் என்பதில்தான் பாடலின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. பண்டை இஸ்ரவேலில் கடவுள் உண்டா இல்லையா என்று யாரும் பட்டிமன்றம் நடத்தவில்லை. அவன் தத்துவ நாத்திகன் அல்ல. ஏன் என்று கேட்க ஆளில்லை என்ற துணிச்சலில் நடப்பவன். நான்காம் வசனம் அவன் தொழிலைச் சொல்லிவிடுகிறது: அப்பம் தின்பதுபோல மக்களைத் தின்கிறான். 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தில் இவனுக்கு ஊரும் பேரும் கிடைக்கின்றன. மூவாயிரம் ஆடுகளும் ஆயிரம் வெள்ளாடுகளும் வைத்திருந்த நாபால், மயிர் கத்தரிக்கும் விழாவில் ராஜவிருந்து நடத்திக்கொண்டே, உணவு கேட்டு வந்த தாவீதின் ஆட்களை அவமதித்துத் துரத்தினான். பாடலின் முதல் வரியில் மதிகேடனைக் குறிக்கும் எபிரேயச் சொல்லே அவன் பெயர். பசித்தவனை வெறும் வயிற்றோடு அனுப்புவதையும் தாகத்துக்குத் தண்ணீர் மறுப்பதையும் ஏசாயா 32ஆம் அதிகாரமும் இவனுடைய அடையாளமாகவே சொல்கிறது. மூடத்தனம் இங்கே அறிவுக்குறை அல்ல, நெஞ்சின் கொடுமை.

பாடலுக்குள்ளேயே ஒரு முரண் உண்டு. ஒருவன்கூட நல்லவன் இல்லை என்று சொன்ன அதே வாய், அடுத்துக் கடவுளின் மக்கள் என்றும் நீதிமான்கள் என்றும் ஒரு கூட்டத்தைக் காட்டுகிறது. கி.பி. 57 வாக்கில் ரோமருக்கு நிருபம் எழுதிய பவுல் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மூன்றாம் அதிகாரத்தில் 14ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தோடு 5, 140, 10, 36ஆம் சங்கீதங்களிலிருந்தும் ஏசாயா 59இலிருந்தும் துண்டுகளை வரிசையாகக் கோத்து, யூதர், கிரேக்கர் என்ற வேறுபாடில்லாமல் எல்லாரும் பாவத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று நிறுவினார். ஒடுக்குகிறவனுக்கு எதிரான வழக்கு, மனித குலம் முழுவதற்கும் எதிரான வழக்காயிற்று. வாதத்தில் இது வலிமையான நகர்வு. ஆனால் தின்கிறவனும் தின்னப்படுகிறவனும் ஒரே கூண்டில் ஏறிவிட்டார்கள்.

பிறகு நடந்தது விந்தை. பவுல் கோத்த அந்த மாலை அப்படியே திரும்பிப் போய், கிரேக்கச் சங்கீத நூலின் பல கையெழுத்துப் படிகளில் மூலப் பாடலுக்குள்ளேயே புகுந்துகொண்டது. மேற்கோள் மூலத்தை வளர்த்துவிட்டது. அங்கிருந்து லத்தீன் விவிலியத்துக்கும் சென்றது. அவ்வரிகள் எபிரேயத்தில் இல்லை என்பதை ஜெரோம் தம் ஏசாயா உரையில் எடுத்துக்காட்டியும், வழிபாட்டில் பழகிப்போன பாடம் மாறவில்லை. அகஸ்டினும், பின்னாளில் கால்வினும் மனித இயல்பின் சீர்கேட்டைப் பேசும்போது பவுலின் வழியிலேயே இந்த வரிகளை எடுத்தாண்டார்கள். லூதர் 14ஆம் சங்கீதத்தை ஜெர்மன் பாட்டாக்கினார். 1524இல் அச்சான முதல் லூத்தரன் பாட்டுப் புத்தகத்தின் எட்டுப் பாடல்களில் அதுவும் ஒன்று.

மதிகேடனை முழு நாத்திகனாக்கியவர் ஆன்செல்ம். நார்மண்டியின் பெக் மடத்தில் இருந்தபோது 1077–78இல் அவர் எழுதிய ‘புரொஸ்லோகியோன்’ இவனோடுதான் வாதாடுகிறது: எதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாதோ அது கடவுள், அது மனத்தில் மட்டும் இருந்தால், உண்மையிலும் இருக்கும் ஒன்று அதைவிடப் பெரியதாகிவிடும், ஆகவே இல்லை என்பவன் தன்னையே மறுக்கிறான். மார்மூத்தியே மடத்துத் துறவி கௌனிலோ மதிகேடன் சார்பில் மறுப்பு எழுதினார். எல்லாத் தீவுகளையும்விடச் சிறந்த ஒரு தீவை நினைக்க முடிகிறது என்பதால் அது கடலில் இருந்தாக வேண்டுமா என்று கேட்டார். அந்த மறுப்பையும் தம் பதிலையும் சேர்த்தே நூலைப் படியெடுக்கும்படி ஆன்செல்ம் பணித்தது அவருடைய பெருந்தன்மை. கடவுள் உண்மைக்கான இந்த வாதம் டெகார்ட், கான்ட் வரை போனது. அப்பம்போலத் தின்னப்பட்ட மக்கள் அதில் எங்கும் இல்லை.

ஓவியர்கள் அவர்களை ஓரளவு நினைவில் வைத்திருந்தார்கள். இடைக்காலத் திருச்சபையில் சங்கீதங்களை வாரத்துக்குப் பங்கிட்டுப் பாடியபோது, லத்தீன் எண்ணில் 52ஆம் பாடல் புதன்கிழமைப் பங்கின் தொடக்கமாக அமைந்தது. அதனால் அதன் முதல் எழுத்துக்குள் படம் வரையும் வழக்கம் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் படங்களில் அரை நிர்வாணமாக, ஒரு கையில் தடியும் மறு கையில் வட்ட அப்பமுமாக மூடன் நிற்கிறான். காலப்போக்கில் அவனுக்கு மணி கட்டிய குல்லாய் வந்து, அரசவை விதூஷகன் ஆனான். 1540 வாக்கில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்காகத் தயாரான சங்கீத நூலில் இதே இடத்தில் ஹென்றி தாவீதைப்போல யாழ் மீட்டுகிறார். அருகில் அவருடைய விதூஷகர் வில் சோமர்ஸ். எந்த ஆள் மதிகேடன் என்று கேட்க அன்று யாருக்குத் துணிவு இருந்திருக்கும்!

ஆங்கிலேயர் இருவர் அவனை மறுபடி தரைக்கு இறக்கினார்கள். மதிகேடன் அப்படி நினைத்தான் என்று வேதம் சொல்லவில்லை, சொல்லிக்கொண்டான் என்றுதான் சொல்கிறது என்பதை 1612இல் வெளியான நாத்திகம் பற்றிய கட்டுரையில் பிரான்சிஸ் பேக்கன் கவனித்தார். அவனுக்கு அது நம்பிக்கை அல்ல, விருப்பம். தாமஸ் ஹாப்ஸ் 1651இல் ‘லெவியாதான்’ நூலின் 15ஆம் அதிகாரத்தில், நீதி என்று ஒன்றும் இல்லை, லாபம் என்றால் ஒப்பந்தத்தை மீறலாம் என்று அவனைப் பேசவைத்தார். அப்படிப்பட்டவனை எந்தச் சமூகமும் தெரிந்தே சேர்த்துக்கொள்ளாது என்பது அவர் பதில். இறையியலர் பலரைவிட ஹாப்ஸே பாடலின் நான்காம் வசனத்துக்கு நெருங்கி வந்தவர்.

பவுலின் வரிகள் புகுந்த பாடத்தைப் பின்பற்றும் ஆங்கிலிக்கன் சபையின் 1662 பொது ஜெப நூலில் 14ஆம் சங்கீதத்துக்கு இன்றும் 11 வசனங்கள். எபிரேயத்தைப் பின்பற்றும் தமிழ் விவிலியத்தில் 7.