படமாகாத பொன்னியின் செல்வன்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஓர் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. சிதம்பரத்துக்குத் தென்மேற்கே விரிந்து கிடக்கும் இன்றைய வீராணமே அவ்வேரி. நாவலில் ஆதித்த கரிகாலன் உயிர்துறக்கும் கடம்பூரும் கடலூர் மாவட்டத்ததே. அவனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகள் பறிமுதலான செய்தியைக் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு இன்றும் தாங்கி நிற்கிறது.

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த இந்நாவலின் படவுரிமையை எம்.ஜி.ஆர். 10,000 ரூபாய்க்குப் பெற்றார். தாமே இயக்கி நடிப்பதாக 1958இல் அறிவித்தார். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, ஜெமினி கணேசன் முதலியோர் நடிப்பதாக இருந்தது. 1959இல், சிதம்பரத்துக்குத் தெற்கேயுள்ள சீர்காழியில் நாடகமேடையில் அவரது கால் முறிந்தது. தேறப் பல மாதங்களாயின. பின்னர் உரிமையைப் புதுப்பித்தும் படம் உருவாகவில்லை.

2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் அதனை இரு பாகங்களாகத் திரையில் தந்தார். தாய்லாந்திலும் ஐதராபாத்திலும் படப்பிடிப்பு நடந்தது.

இடைப்பட்ட அறுபதாண்டுகளுக்கு மேலாக வந்தியத்தேவனுக்கு எந்த நடிகரின் முகமும் நிலைக்கவில்லை. மணியம் வரைந்த கோட்டோவியங்களும் கல்கியின் சொற்களுமே மூன்று தலைமுறைகளுக்குப் போதுமானவையாயின. திரையுலகுக்கு அஃது இழப்பே. எனினும், வீராணக் கரையில் நின்ற வாசகன் ஒவ்வொருவனும் அக்குதிரை வீரனைத் தன் மனத்தில் தானே வரைந்துகொண்டான். சொல்லை நம்பி எழுதுவோர் நினைவிற்கொள்ள வேண்டிய வரலாறு இது.