உணர்வு: தமிழ் மெய்யியலில்

அறிகிறவன் ஒருவன் உடலுக்குள் தனியே இருக்கிறானா, உடலின் இயக்கத்துக்கே நாம் உயிர் என்றும் உணர்வு என்றும் பெயர் வைத்திருக்கிறோமா என்ற வழக்கு தமிழில் மிகப் பழையது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்து, புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு தந்து, மனத்தை ஆறாவதாக வைத்தது. அங்கே இருப்பது பகுப்பு மட்டுமே.

வாதம் சூடாக நடப்பது மணிமேகலையில். வஞ்சி நகரில் சமயவாதிகளைக் கேட்டுவரும் மணிமேகலை, 27ஆம் காதையில் பூதவாதியைச் சந்திக்கிறாள். ஆத்திப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் கள்ளில் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரியும்போது அழிகிறது என்கிறான் அவன். கூட்டுப் பொருள்களில் தனித்தனியே இல்லாத ஒன்று கூட்டத்தில் தோன்றும் என்ற இந்த வாதம் இன்றைய நரம்பியல் அறிஞர் பலரின் நிலைக்கு மிக நெருக்கமானது. கண்ணால் காண்பதைத் தவிர வேறு அளவையை, அதாவது அறியும் வழியை, அவன் ஏற்பதில்லை. அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிவாய் என்று கேட்டு அவள் அவனை மடக்குகிறாள். மடங்கியது அவனுடைய அளவை மட்டுமே. கள் உவமை அசையாமல் நிற்கிறது. சமண நூலான நீலகேசியும் பூதவாதத்தை மறுக்கத் தனிச் சருக்கமே ஒதுக்கியது. எதிரியின் வலிமைக்கு அதுவே சான்று.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம், பன்னிரண்டு சூத்திரங்களே கொண்ட சிறுநூல். அதன் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. உடல், பொறிகள், மூச்சு என ஒவ்வொன்றையும் இதுவா உயிர் என்று கேட்டு விலக்குகிறது. தூங்கும்போதும் மூச்சு ஓடுகிறது. ஆனால் அப்போது நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே மூச்சு உயிராகாது. இவற்றுள் தலையாயது முதல் காரணம்: எல்லாவற்றையும் தேடிப்பார்த்து ‘உயிர் இல்லை’ என்று சொல்கிற அறிவு எதுவோ, அதுவே உயிர். தமிழ் மெய்யியலில் இதைவிடக் கூர்மையான வாதம் இல்லை என்றே சொல்லலாம்.

நான்காம் சூத்திரம் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்னும் ஐந்து நிலைகளைப் பேசுகிறது. சைவ சித்தாந்தக் கணக்கில் நனவில் தொழில்படும் கருவிகள் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, கடைசி நிலையில் 1. கருவி குறையக் குறைய அறிவு மங்குகிறது, அறிபவன் அழிவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவர் சிவஞானபோதத்துக்கு எழுதிய தம் மாபாடியத்தில் இதை விரித்தெழுதினார்.

நூல்வழி நடந்த இந்த விசாரணையைத் தன் உடலிலேயே நடத்திப் பார்த்தவர், இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழியில் 30-12-1879 அன்று பிறந்த வேங்கடராமன், பின்னாளைய ரமணர். 1896 ஜூலையில், பதினாறு வயதில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் திடீரென மரண பயம் அவரைப் பற்றியது. யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போலக் கைகால்களை நீட்டி விறைத்துப் படுத்தார், மூச்சை அடக்கினார், உதடுகளை இறுக மூடிக்கொண்டார். இந்த உடல் செத்தது, இதனோடு நானும் செத்தேனா என்று கேட்டுக்கொண்டார். உடலைச் சாராத ஒன்று ‘நான்’ என்று உள்ளே விளங்கியதாகப் பின்னர் சொன்னார். செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை சேர்ந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் வருவாய்த் துறை ஊழியர் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, பேசாமல் எழுதிக்காட்டிய விடைகளே ‘நான் யார்?’ நூலாயின. மெய்கண்டார் வாதத்தால் விலக்கிய உடலையும் பொறிகளையும் மூச்சையும் ரமணரும் விலக்கினார். ஆனால் எஞ்சியதை இறைவனிலிருந்து வேறாக அவர் வைக்கவில்லை. சித்தாந்தத்துக்கு அது உடன்பாடல்ல.

இதே வழக்கு மேற்கிலும் நடக்கிறது. 1995இல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ், மூளை இயக்கத்தை முழுவதும் விளக்கினாலும் உள்ளனுபவம் ஏன் உண்டு என்பது மிஞ்சும் என்று வாதிட்டார். அமெரிக்கரான டேனியல் டெனட் அப்படித் தனியாக எதுவும் மிஞ்சாது என்றார்.

சோதனைச் சாலையிலும் இந்த வழக்கு எழுந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலியை ஆராய்ந்தார். இருக்கும் கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டியதும், இறுகிக் கிடந்த இல்லாத கை விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர். ‘என் உடல்’ என்று சொல்வதால் சொல்பவன் உடலின் வேறு என்பது மூன்றாம் சூத்திரத்தின் இன்னொரு காரணம். வெட்டுண்டு போன கையையும் ‘என் கை’ என்றே மூளை காட்டுமானால் அந்தக் காரணம் தளர்கிறது. பூதவாதியின் பக்கம் வலுக்கிறது. ஆனால் கை அங்கே இல்லை என்று கண்ணால் கண்ட பிறகும் கை இழந்தவர்களுக்கு வலித்தது. அந்த வலியை இல்லையென்று சொல்ல எந்தச் சோதனையாலும் முடியவில்லை.