நாபோத்தின் தோட்டத்தில் கோடைக்காலம்



அரசர்கள் முதல் நூல் 21-ஆம் அதிகாரத்தில் வரும் நாபோத்தின் வரலாறு நமக்குப் புதிதல்ல. திருப்பலி வாசகமாகக் கேட்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். ஆகாபு அரசன் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறான். நாபோத்து மறுக்கிறார். அரசி ஈசபேல் பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்கிறாள். நாபோத்து கல்லால் எறிந்து கொல்லப்படுகிறார். அரசன் தோட்டத்தை எடுத்துக்கொள்ள இறங்கிப் போகிறான். அங்கே எலியா எதிரே வந்து நிற்கிறார்.

ஆனால் கதையின் தொடக்கத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஆகாபு முதலில் மிரட்டவில்லை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலையைப் பணமாகத் தருகிறேன் என்கிறான். நம் ஊர் நிலத்தரகர் யாரிடம் கேட்டாலும் இது நல்ல பேரம் என்றுதான் சொல்வார். பிறகு ஏன் நாபோத்து அப்படிப் பதறி மறுத்தார்? மூதாதையரின் உரிமைச்சொத்து என்று அவர் சொன்ன பதிலில் சட்டமும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. சட்டத்தைப் பற்றி மறையுரைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். அந்த உழைப்பு எத்தகையது என்பதை இன்று பார்ப்போம்.

திராட்சைத் தோட்டம் என்றதும் நம்மில் பலருக்குக் கம்பம் பள்ளத்தாக்குதான் நினைவுக்கு வரும். தேனிப் பக்கம் பேருந்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, தலைக்கு மேலே கருநீலக் குலைகள் தொங்கும். அந்தப் பன்னீர் திராட்சை 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் வழியாகத் தமிழகம் வந்தது என்பார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே கிணற்று நீர் உண்டு, ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடையும் உண்டு. நாபோத்தின் நாட்டில் இரண்டும் கிடையாது. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை பெரும்பாலும் ஒரு துளி மழை இராது. குளிர்காலத்தில் பெய்ததை மண் எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறதோ, அதுவும் இரவுப் பனியும்தான் கொடிக்கு ஆதாரம். அறுவடை ஆண்டுக்கு ஒன்றே. அந்த ஒன்றும் கோடையின் கடைசியில்.

அந்தக் கோடை எப்படிக் கழிந்தது என்பதற்கு நம் கையில் ஓர் அருமையான சான்று இருக்கிறது. 1908-இல் எருசலேமுக்கு மேற்கே கெசேர் என்னும் பழைய நகரின் மேட்டைத் தோண்டிய மெக்காலிஸ்டர் என்ற அயர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஒரு சின்னச் சுண்ணாம்புக்கல் பலகையைக் கண்டெடுத்தார். உள்ளங்கையில் வைக்கலாம், அவ்வளவுதான் அளவு. ஏறத்தாழ கி.மு. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அன்று அந்த நாடு துருக்கியர் ஆட்சியில் இருந்ததால் இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஓர் உழவனின் ஆண்டு முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது: சேகரிப்புக்கு இரண்டு மாதம், விதைப்புக்கு இரண்டு மாதம், பின்விதைப்புக்கு இரண்டு மாதம், சணலுக்கு ஒன்று, வாற்கோதுமை அறுவடைக்கு ஒன்று, மற்றத் தானிய அறுவடைக்கு ஒன்று. அதன்பின் திராட்சைக் கொடிக்கு இரண்டு மாதம். கடைசியாகக் கோடைக் கனிக்கு ஒரு மாதம். பள்ளிப் பிள்ளை எழுதிப் பழகிய பலகையாக இருக்கலாம் என்பார்கள் அறிஞர்கள். எனக்கு அந்த ஊகம் பிடித்திருக்கிறது. நம் பிள்ளைகள் சித்திரை, வைகாசி என்று மனப்பாடம் செய்வதுபோல அந்தப் பிள்ளை வேலைகளை மனப்பாடம் செய்திருக்கும்!

கணக்குப் போட்டால் கொடிக்குரிய அந்த இரண்டு மாதமும் ஏறத்தாழ ஜூன், ஜூலை. அதாவது கோதுமை களத்துக்கு வந்து, வாரங்களின் விழா என்னும் பெந்தக்கோஸ்தும் முடிந்த பிறகு, வீட்டில் உள்ள அத்தனை பேரும் தோட்டத்துக்கு இடம் மாறுகிறார்கள்.

என்ன வேலை? கவாத்து என்றால் குளிர்காலத்தில், கொடி உறங்கும்போது வெட்டுவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். கோடையிலும் ஒரு கவாத்து உண்டு. எசாயா 18-ஆம் அதிகாரத்தில் அதை ஒரே வசனத்தில் காட்டுகிறார்: பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்து, அறுவடை இன்னும் வராத நேரத்தில் அரிவாளால் தளிர்களை வெட்டி எறியும் காட்சி. பழம் பிடிக்காத தளிர் குடிக்கும் நீர், பழத்துக்குப் போகவேண்டிய நீர். மழையில்லாத நாட்டில் அது வீண்செலவு. ஆனால் இலையை அதிகமாக எடுத்துவிட்டால் பிஞ்சு வெயிலில் வெந்துவிடும். எந்தத் தளிரை எடுப்பது, எதை விடுவது என்பதை ஒவ்வொரு கொடியின் முன்னும் நின்று தீர்மானிக்க வேண்டும். யோவான் 15-இல் தம் தந்தையைத் திராட்சை வளர்ப்பவர் என்று ஆண்டவர் சொன்னபோது, கேட்டவர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் முழுவதும் தெரிந்திருந்தது.

அடுத்து, தரையில் படரும் கொடி. குலை மண்ணில் கிடந்தால் அழுகும். ஆகையால் கல்லையோ கவைக்கோலையோ முட்டுக் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். மேல்மண்ணைக் கொத்திவிட வேண்டும், களை ஒரு சொட்டு நீரையும் உறிஞ்சிவிடாதபடி. சரிந்த கல்மதிலை எடுத்துக் கட்ட வேண்டும். குன்றுச் சரிவில் படிப்படியாக மண்ணைத் தாங்குவது அந்த மதில்தான். எருசலேமுக்குத் தெற்கே பத்தீர் என்ற ஊரில் இத்தகைய கல்படித் தோட்டங்களை இன்றும் காணலாம். 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

பழம் நிறம் மாறத் தொடங்கியதும் காவல் தொடங்கும். நரி, பறவை, காட்டுப்பன்றி, பிறகு மனிதன். இனிமைமிகு பாடலில் வெயிலில் கறுத்துப்போன அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள்: சகோதரர்கள் அவளைத் தோட்டக் காவலுக்கு வைத்துவிட்டார்கள் என்பதுதான் அவள் குறை. குட்டி நரிகளைப் பிடிக்கச் சொல்லும் வரியும் அதே நூலில்தான். வசதி உள்ளவர்கள் கல்லால் காவல் கோபுரம் கட்டினார்கள்; இல்லாதவர்கள் நம் ஊர்ச் சோளக்காட்டுப் பரண்போலக் குடில் போட்டார்கள். அறுவடை முடிந்து ஆளில்லாமல் நிற்கும் அந்தக் குடிலுக்குத்தான் எசாயா எருசலேமையே ஒப்பிடுகிறார். எபிரோன் பக்கத்துப் பாலஸ்தீனக் குடும்பங்கள் நேற்று வரையிலும் கோடையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக் கல்குடிலுக்குக் குடிபோனார்கள். கிழவி முதல் கைக்குழந்தை வரை எல்லாரும் அங்கேதான்.

இந்தக் காவலுக்கும் திருச்சட்டம் ஒரு வாசல் திறந்து வைத்தது. வழிப்போக்கன் உள்ளே வந்து பசியாறத் தின்னலாம், கூடையில் மட்டும் எடுத்துப் போகக்கூடாது என்கிறது இணைச்சட்டம். உதிர்ந்த பழம் ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்கிறது லேவியர் நூல். ஆக, குடும்பத் தோட்டம் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் சோறு போடவில்லை.

பிறகு ஆகஸ்டு, செப்டம்பரில் அறுவடை. ஒரு பகுதி அப்படியே தின்ன, ஒரு பகுதி வெயிலில் காய்ந்து உலர் திராட்சையாக, ஒரு பகுதி காய்ச்சிப் பாகாக. மீதி, பாறையில் வெட்டிய ஆலைக்குழியில் கால்களால் மிதிபட்டுச் சாறாக. அந்த வெப்பத்தில் சாறு சில மணி நேரத்திலேயே நுரைக்கத் தொடங்கிவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. மத்தேயு 20-இல் தோட்டக்காரர் பொழுது சாயும் நேரத்திலும் கடைவீதிக்கு ஓடி ஆள் தேடுவதை அறுவடை பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

சாற்றைச் சாடியில் ஊற்றிக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். எருசலேமுக்கு வடமேற்கே கிபயோனில் 1956 முதல் 1962 வரை அமெரிக்கரான ஜேம்ஸ் பிரிட்சர்டு தோண்டியபோது, பாறையில் மணி வடிவில் குடைந்த 63 நிலவறைகளைக் கண்டார். அங்கே கிடைத்த சாடிக் கைப்பிடிகளில் ஊர்ப் பெயரோடு ஆள் பெயரும் கீறியிருக்கிறது: அமரியா, அசரியா, அனனியா. அரசர் பட்டியலில் இல்லாத மனிதர்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கைப்பிடிகள்தான்.

இந்த ஒரு கோடைக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகள் இருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எசாயா 5-ஆம் அதிகாரத்தில் வேலைகள் வரிசையாக வருகின்றன: கொத்துவது, கல் பொறுக்குவது, நல்ல இனக் கொடி நடுவது, கோபுரம் கட்டுவது, ஆலை வெட்டுவது. அதற்கு மேல், நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டு தொடக்கூடாது, நான்காம் ஆண்டு ஆண்டவருக்கு, ஐந்தாம் ஆண்டுதான் உனக்கு என்கிறது லேவியர் 19. கொடி நட்டு இன்னும் பலன் காணாதவனைப் போருக்குப் போகாமல் வீடு திரும்பச் சொல்கிறது இணைச்சட்டம் 20. தாத்தா பொறுக்கிய கல், அப்பா கட்டிய மதில், மகன் செய்யும் கவாத்து. இதற்கு யார் விலை போடுவது?

இனி ஆகாபின் பேரத்துக்கு வருவோம். அவன் அந்த நிலத்தை எதற்காகக் கேட்டான்? காய்கறித் தோட்டம் போட! அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறது, கறிக்கு வசதி. இந்தச் சின்ன விவரத்தை நூலாசிரியர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்பது என் துணிபு. கீரை ஒரு பருவத்தில் முளைத்து அதே பருவத்தில் சட்டிக்குப் போகும். அதற்காக மூன்று தலைமுறைக் கொடியை வேரோடு பிடுங்க வேண்டும். வேறு தோட்டம் தருகிறேன் என்றானே, அந்தத் தோட்டம் மட்டும் யாருடையது? அதை யாரிடமிருந்து எடுத்தான்? நூல் சொல்லவில்லை, அரசனும் சொல்லவில்லை.

ஆகாபின் காலம் கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. நூறாண்டு கழிந்த பிறகு என்ன ஆனது என்பதற்கும் சான்று உண்டு. 1910-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் சமாரியா அரண்மனைப் பகுதியில் தோண்டி, மையால் எழுதிய ஏறத்தாழ நூறு பானை ஓடுகளை எடுத்தார்கள். இந்த ஆண்டு, இந்த ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு சாடி பழைய திராட்சை இரசம், இவ்வளவுதான் வாசகம். வரியா, அரச நிலத்தின் விளைச்சலா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. சாடிகள் குன்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து தலைநகருக்குப் போயின என்பது மட்டும் தெளிவு. அதே நூற்றாண்டில்தான் ஆமோஸ் வந்து, கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பவர்களைக் கண்டித்தார். தோட்டம் நட்டும் அதன் இரசத்தைக் குடிக்கமாட்டீர்கள் என்று எச்சரித்தார். கோடைக் கனிக் கூடையைக் காட்டி முடிவு வந்துவிட்டது என்றார். எபிரேயத்தில் கோடைக் கனிக்கும் முடிவுக்கும் சொற்கள் ஏறக்குறைய ஒரே ஓசை. கெசேர்ப் பலகையின் கடைசி மாதத்துக்குரிய அதே சொல்தான் அது.

நாபோத்தின் ஊரான இஸ்ரியேலிலும் அண்மையில் அகழாய்வு நடந்தது. குன்றின் அடிவாரத்தில் பாறையில் வெட்டிய ஒரு பழைய திராட்சை ஆலை வெளிப்பட்டது. அது நாபோத்தின் ஆலை என்று யாரும் மெய்ப்பிக்க முடியாது, மெய்ப்பிக்கவும் தேவையில்லை. அந்த மண் கொடிக்கு ஏற்ற மண் என்று தெரிகிறது, அது போதும்.

அரசர்கள் இரண்டாம் நூல் 9-ஆம் அதிகாரத்தில் அந்த நிலம் மறுபடியும் வருகிறது. ஆகாபின் மகன் யோராம் அங்கேதான் ஏகூவைச் சந்திக்கிறான். அங்கேதான் அவன் பிணத்தை எறிகிறார்கள். நாபோத்தின் இரத்தத்தோடு அவர் பிள்ளைகளின் இரத்தமும் சிந்தப்பட்டது என்ற செய்தியும் அங்கேதான் முதன்முதலாக வெளிவருகிறது. பிள்ளைகள் இருந்தால் நிலம் அவர்களுக்குப் போகும் அல்லவா? ஈசபேலின் ஆட்கள் அதையும் கவனித்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. 21-ஆம் அதிகாரம் முழுவதும் திராட்சைத் தோட்டம், திராட்சைத் தோட்டம் என்று திரும்பத் திரும்பச் சொன்ன நூல், இங்கே அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. நாபோத்தின் நிலம் என்று மட்டுமே சொல்கிறது.