கேனான் 300டி, நிக்கான் டி70: கல்யாண ஆல்பத்தின் கணக்கை மாற்றிய இரண்டு கேமராக்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... இந்தப் பெயர்களைச் சொன்னால் தோல், ஷூ, பிரியாணி மூன்றும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இந்த ஊர்க் கடைத்தெருக்களில் இன்னொரு தொழிலும் உண்டு. அது போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் தினச் செலவு ஓடும், கல்யாண ஆல்பத்தில்தான் வருமானம் வரும். 2003-க்குப் பிறகு சில ஆண்டுகளில் இந்தத் தொழிலின் கணக்குப் புத்தகமே தலைகீழாகிவிட்டது. உலகம் முழுக்க நடந்த அந்த மாற்றத்தைச் சின்ன ஸ்டுடியோவின் கைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு இரண்டு கேமராக்களுக்கு உண்டு. ஒன்று கேனான் இஓஎஸ் 300டி. மற்றது நிக்கான் டி70.

பிலிம் காலத்துக் கணக்கு

ஒரு ரோலில் 36 படம். ஒரு கல்யாணத்துக்குப் பத்து ரோல் என்று வைத்துக்கொண்டால் 360 படம். ரோல் வாங்கும் செலவு, கழுவும் செலவு, பிரிண்ட் போடும் செலவு என்று ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் ஒரு விலை இருந்தது. வணிகவியல் பாஷையில் சொன்னால், கேமரா நிலையான செலவு, பிலிம் மாறுபடும் செலவு. வேலை கூடக் கூட இரண்டாவது செலவும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் அந்தக் காலத்துப் போட்டோகிராபர் பட்டனை அமுக்கும் முன் இரண்டு முறை யோசித்தார்.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. தாலி கட்டும் நேரமோ, நிக்காஹ் முடிந்து கையெழுத்துப் போடும் நேரமோ, படம் சரியாக விழுந்ததா என்று ரோலைக் கழுவும் வரை தெரியாது. மணமகன் கண்ணை மூடியிருந்தால் மூடியதுதான். "இன்னொரு தடவை கட்டுங்க" என்று கேட்க முடியுமா?

தோல் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் தகவல். பிலிமில் ஒளியை வாங்கும் வெள்ளி உப்புகளைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். அது பெரும்பாலும் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. ஆக, பிலிமும் ஒரு வகையில் தோலின் தூரத்துச் சொந்தம்தான்!

தமிழ்நாட்டுக்குச் சொந்தமாக ஒரு பிலிம் தொழிற்சாலையும் இருந்தது. ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தன. அதை டிஜிட்டல்தான் கொன்றது என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை கூட இல்லை. கடன் சுமையாலும் வெளிநாட்டுப் பிலிமின் போட்டியாலும் 1990-களிலேயே அது நலிந்த நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதை மூடிவிடலாம் என்று பி.ஐ.எப்.ஆர். பரிந்துரைத்தது 2003 ஜனவரியில். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது கேனான் 300டி.

அதற்கு முன் என்ன இருந்தது?

டிஜிட்டல் கேமரா 2003-ல் திடீரென்று முளைத்தது அல்ல. கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-லேயே ஒரு மாதிரியைச் செய்துவிட்டார். 1991-ல் கோடாக், நிக்கான் எப்3 கேமராவின் உடலை வைத்து 1.3 மெகாபிக்சல் டிசிஎஸ் கேமராவை விற்றது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியாகச் சுமக்க வேண்டும். 1999-ல் நிக்கான் டி1 வந்தது, 2.7 மெகாபிக்சல், விலை 5 ஆயிரம் டாலர் அளவில். 2000-ல் கேனான் டி30 வந்தது, 3.1 மெகாபிக்சல், சுமார் 3 ஆயிரம் டாலர். இவையெல்லாம் பத்திரிகை நிறுவனங்களும் வசதி படைத்தவர்களும் வாங்கியவை. ஒரு சின்ன ஊர் ஸ்டுடியோ கடன் வாங்கினாலும் எட்டாத விலை.

300டி: ஆயிரம் டாலர் சுவர் உடைந்தது

2003 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 300டி-யின் விலை, கேமரா மட்டும் 899 டாலர். 18-55 மி.மீ. லென்ஸோடு 999 டாலர். லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஆயிரம் டாலருக்குள் வந்தது அதுதான் முதல் முறை. அமெரிக்காவில் 'டிஜிட்டல் ரெபெல்', ஜப்பானில் 'கிஸ் டிஜிட்டல்' என்று அதற்கு வேறு வேறு பெயர்கள்.

விலையை எப்படிக் குறைத்தார்கள்? அதே ஆண்டு தொடக்கத்தில் கேனான் 10டி என்ற கேமராவை 1,500 டாலர் அளவில் விற்றது. அதன் 6.3 மெகாபிக்சல் சிமாஸ் சென்சாரும் டிஜிக் பிராசஸரும்தான் 300டி-யிலும் இருந்தன. உலோக உடலுக்குப் பதில் வெள்ளி நிற பிளாஸ்டிக் வந்தது. பிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, மீட்டரிங் முறையை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி போன்றவை எடுக்கப்பட்டன. இவற்றில் பல வசதிகள் கேமராவுக்குள் இருந்தும் மென்பொருளில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன! ரஷ்யாவிலிருந்து வெளிவந்த ஒரு திருத்திய மென்பொருளைப் போட்டுப் பலர் அந்தப் பூட்டைத் திறந்துகொண்டார்கள். விலை கூடிய சொந்தப் பொருளின் விற்பனை கெடாமல் இருக்க, விலை குறைந்த பொருளை வேண்டுமென்றே கொஞ்சம் முடக்கி விற்பது வணிக உலகில் பழைய தந்திரம். 300டி அதற்கு நல்ல பாடம்.

டி70: நிக்கானின் பதில்

2004 ஜனவரியில் நிக்கான் தன் டி70-யின் முழு விவரங்களை வெளியிட்டது. கேமரா 999 டாலர், 18-70 மி.மீ. லென்ஸோடு 1,299 டாலர். 6.1 மெகாபிக்சல் சிசிடி சென்சார். நிக்கான் எடுத்த வழி வேறு. "விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் எதையும் பூட்டி வைக்கவில்லை" என்பதே அதன் வாதம்.

நேருக்கு நேர்

முதலில் எல்லோரும் சண்டை போட்ட மெகாபிக்சல். 300டி படம் 3072 x 2048, டி70 படம் 3008 x 2000. அகலத்தில் வித்தியாசம் வெறும் 64 புள்ளி! ஆல்பத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வேகத்தில்தான் உண்மையான வித்தியாசம். 300டி-யை ஆன் செய்தால் தயாராக ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும், டி70 உடனே எழுந்துவிடும். 300டி விநாடிக்கு 2.5 படம் வீதம் தொடர்ச்சியாக நான்கு படம் எடுத்ததும் மூச்சு வாங்க நின்றுவிடும். டி70 விநாடிக்கு 3 படம் எடுக்கும். வேகமான கார்டு இருந்தால் ஜேபெக் படங்களை நீண்ட வரிசையாக எடுத்துத் தள்ளும். மூன்று முடிச்சு விழும் நேரத்தில் நான்காவது படத்தோடு கேமரா நின்றுவிட்டால் போட்டோகிராபரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஷட்டர் வேகம் 300டி-யில் 1/4000 விநாடி வரை, டி70-யில் 1/8000 வரை. பிளாஷோடு இணைந்து வேலை செய்யும் வேகம் 300டி-யில் 1/200, டி70-யில் 1/500. வேலூர் வெயிலில், மண்டபத்து வாசலில் நின்று, முகத்தில் விழும் நிழலைப் பிளாஷ் போட்டு நீக்க வேண்டியவருக்கு இது பெரிய உதவி.

அப்படியானால் டி70-தான் ஜெயித்ததா? அவசரப்பட வேண்டாம். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் ஐஎஸ்ஓ-வை 1600-க்கு ஏற்றினால் கேனானின் படம்தான் சுத்தமாக இருந்தது என்பது அன்று பரவலான கருத்து. டி70-க்கு மொய்ரே என்ற இன்னொரு தொல்லையும் உண்டு. நெருக்கமாக நெய்த துணியைப் படமெடுத்தால் சில சமயம் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் தெரியும். பட்டுப்புடவை நடுநாயகமாக இருக்கும் கல்யாணத்தில் இது சின்ன குறை இல்லை.

லென்ஸ் என்ற மூக்கணாங்கயிறு

கேமரா வாங்குவது உண்மையில் லென்ஸ் குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்வது போல. நிக்கானின் எப் மவுண்ட் 1959-ல் பிறந்தது. கேனானோ 1987-ல் தன் பழைய எப்டி மவுண்டைக் கைவிட்டு இஎப் என்ற புது மவுண்டுக்கு மாறியது. பழைய எப்டி லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு 300டி-யால் பயனில்லை. நிக்கான் எப்எம்2, எப்எம்10 வைத்திருந்தவர் தன் பழைய லென்ஸை டி70-யில் மாட்டலாம். ஆனால் அந்தக் கையியக்க லென்ஸ்களில் மீட்டர் வேலை செய்யாது, வெளிச்சத்தை அனுபவத்தால்தான் கணிக்க வேண்டும். ஏஎப் வகை லென்ஸ்களை ஓட்டும் மோட்டார் டி70-க்குள்ளேயே இருந்ததால் அவை முழுமையாகப் பயன்பட்டன.

ஆகவே புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு, கையில் பணம் குறைவு என்றால், 300டி. ஏற்கெனவே நிக்கான் லென்ஸ் வைத்திருக்கும், கல்யாண வேலை அதிகம் உள்ள ஸ்டுடியோவுக்கு டி70. அன்றைய நிலையில் நியாயமான தீர்ப்பு இதுதான்.

ஐந்தொகையில் வந்த மாற்றம்

இரண்டில் எதை வாங்கினாலும் ஒரு விஷயம் பொது. 'கிளிக்'கின் விலை ஏறக்குறைய பூஜ்யம் ஆனது. 256 எம்பி கார்டில் உயர்தர ஜேபெக் சுமார் 80 படம் பிடிக்கும். பிடிக்காததை அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். மாறுபடும் செலவு போனது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது, தேய்மானம்!

பிலிம் கேமராவை ஒருவர் இருபது ஆண்டு வைத்திருக்க முடிந்தது. படத்தின் தரத்தைக் கூட்டும் புதுத் தொழில்நுட்பம் பெரும்பாலும் ரோலில்தான் வந்தது, கேமராவில் அல்ல. டிஜிட்டலில் சென்சார் கேமராவோடு ஒட்டிப் பிறந்தது. 2005 பிப்ரவரியில் 8 மெகாபிக்சலோடு கேனான் 350டி வந்ததும் 300டி 'பழசு' ஆனது. அதே ஆண்டு ஏப்ரலில் டி70எஸ் வந்ததும் டி70-க்கும் அதே கதி. கேமரா நன்றாகத்தான் இருந்தது, விலை மட்டும் சரிந்தது. நேர்கோட்டு முறையா, குறைந்து செல் இருப்பு முறையா என்று வகுப்பில் விவாதிப்போம். இங்கே நடந்ததற்கு இரண்டுமே போதாது. இதோடு கம்ப்யூட்டர், சாப்ட்வேர், படங்களைத் திருத்த இரவு முழுக்கக் கண்விழிப்பு எல்லாம் சேர்ந்தன. ரோல் கழுவிய கலர் லேப்களின் தொழிலும் மாறியது. பிலிம் உலகின் மன்னனாக இருந்த கோடாக்கே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

2018-ல் நிக்கான் இசட் மவுண்டையும் கேனான் ஆர்எப் மவுண்டையும் கொண்டுவந்தன. கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராக்கள், மறுபடியும் புது லென்ஸ், மறுபடியும் புது முதலீடு.

300டி-யா, டி70-யா என்று அன்று தேநீர்க் கடை வரை நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் பாதி சரி. ஆனால் அந்தச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. இந்தச் சொத்து அதன் கடன் தீரும் வரை மதிப்போடு இருக்குமா? தோல் ஊரில் புது மெஷின் வாங்கும் முதலாளி இதைத்தான் முதலில் கேட்பார். கேமரா வாங்கியவர்கள் மெகாபிக்சலை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.