சென்னையில் வீட்டு மதிப்பு

சென்னையில் வீட்டு மதிப்பு என்பது, மாநகரிலும் அதன் புறநகர்களிலும் ஒரு தனி வீடோ அடுக்குமாடிக் குடியிருப்போ கைமாறும்போது பெறும் விலையைக் குறிக்கும். கட்டடம் ஆண்டுதோறும் தேய்மானம் அடைய, அது நிற்கும் மனையோ பெரும்பாலும் விலையேறி வருவதால், இம்மதிப்பின் நீண்டகாலப் போக்கை நிலமே தீர்மானிக்கிறது.

மனையும் பிரிபடாத பாகமும்

நகரில் மனை 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டாகவும், புறநகரில் 435.6 சதுர அடி கொண்ட செண்டாகவும் அளக்கப்படுகிறது. அடுக்குமாடியில் வீடு வாங்குபவருக்கு மொத்த மனையில் எல்லை பிரிக்கப்படாத ஒரு பங்கும் கிரயம் செய்து தரப்படுகிறது. இதுவே பிரிபடாத பாகம் எனப்படும். ஒரு கிரவுண்டில் சம அளவுள்ள 6 வீடுகள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் 400 சதுர அடி பாகம் சேரும். கட்டடம் பழையதாகி இடித்துக் கட்டப்படும் காலத்தில் உரிமையாளரின் பங்கு இந்தப் பாகத்தைக் கொண்டே கணக்கிடப்படுவதால், தியாகராய நகர், மயிலாப்பூர் போன்ற பகுதிகளின் பழைய குடியிருப்புகள் கட்டடத்தின் நிலையையும் மீறி உயர்ந்த விலை பெறுகின்றன.

மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைக் கூறும் தளப்பரப்புக் குறியீடும் நிலவிலையைப் பாதிக்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமல்லாத கட்டடங்களுக்கு இக்குறியீட்டை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. அதே மனையில் கூடுதல் வீடுகள் கட்ட முடிந்தமையால் மனையின் விலைமதிப்பு கூடியது; எனினும் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் பாகம் சுருங்கியது.

வேலையும் போக்குவரத்தும்

2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கிராமங்கள் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் குடியிருப்புப் பகுதிகளாக மாறின. 2015-இல் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே தொடங்கிய மெட்ரோ ரயில் சேவையும், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் சுற்றுப்புற மனைகளுக்குப் புதிய தேவையை உண்டாக்கின. இத்தகைய திட்டங்கள் அறிவிக்கப்பட்டவுடனேயே விலை ஏறத் தொடங்குவதால், சேவை தொடங்கும் முன்னரே அதன் பயனில் ஒரு பகுதி நிலம் விற்பவரைச் சென்றடைகிறது.

கடனும் கட்டணமும்

மாதச் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் வங்கிக் கடனில் வீடு வாங்குவதால், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி இச்சந்தையை நேரடியாகத் தொடுகிறது. 20 ஆண்டுகளுக்குப் பெறும் 50 லட்சம் ரூபாய்க் கடனுக்கு வட்டி 7 விழுக்காடாயின் மாதத் தவணை சுமார் 38,800 ரூபாயும், 9 விழுக்காடாயின் சுமார் 45,000 ரூபாயும் ஆகும்.

முத்திரைத்தீர்வை கணக்கிட அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலை வழிகாட்டி மதிப்பு எனப்படும். 2017 ஜூனில் இது 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1-இலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரலில் மதிப்பு முந்தைய நிலைக்கு ஏற்றப்பட்டு, கட்டணம் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சந்தை விலை வழிகாட்டி மதிப்பைவிட மிகுந்திருக்கும் இடங்களில், பத்திரத்தில் குறைத்துக் காட்டும் வழக்கம் நிலவுவதால், பதிவான தொகைகளை மட்டும் கொண்டு உண்மையான விலைப்போக்கை அறிய இயலாது.

ஆவணத் தெளிவு

தாய்ப்பத்திரம் முதல் உரிமைத் தொடர்ச்சி, பட்டா, வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி ஆகியவை குறைவின்றி உள்ள வீட்டுக்கே வங்கிக் கடன் எளிதில் கிடைக்கும். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோது, ஏற்கெனவே அத்தகைய மனை வாங்கியிருந்தோர் விற்கவும் முடியாமல் கடன் பெறவும் முடியாமல் தவித்தனர்; 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது.

நீர்

ஏரிகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த தாழ்ந்த சமவெளியில் நகரம் விரிந்துள்ளது. தியாகராய நகரே 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் உருவானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரி முதலிய இடங்கள் மூழ்கிய பின், வீடு தேடுவோர் தெருவின் மட்டத்தையும் முந்தைய மழைகளில் நீர் ஏறிய உயரத்தையும் விசாரிக்கத் தலைப்பட்டனர். ஆயினும் வெள்ளத்தின் நினைவு மங்க, வேலையிடத்தின் அருகாமை மீண்டும் விலையை உயர்த்திவிடுகிறது. வடிகால் காப்பதற்கான பொதுச் செலவும், நீர்நிலையை மனையாக்கியதன் இழப்பும் விற்பனை விலையில் இடம்பெறுவதில்லை. அவற்றை அங்குக் குடியேறும் குடும்பங்களும் நகராட்சி அமைப்புகளுமே பிற்காலத்தில் சுமக்கின்றன. ஆதலால் சென்னையில் ஒரு வீட்டை மதிப்பிடுவதில், பத்திரத்தையும் பாகத்தையும் ஆராய்வதைப் போலவே மழைநீர் செல்லும் வழியை ஆராய்வதும் இன்றியமையாதது.