அரிசியும் ரப்பரும்: 1952-ஆம் ஆண்டு இலங்கை - சீன உடன்படிக்கையும் சீனப் பொருளாதார அரசுறவும்

ஆய்வுச் சுருக்கம்

சீனா தன் பொருளாதார வலிமையை அயலுறவுக் கருவியாகக் கையாள்வது 2013-இல் அறிவிக்கப்பட்ட பட்டுப்பாதைத் திட்டத்துடன் தொடங்கியதாகவே பெரிதும் கருதப்படுகிறது. இவ்வழக்கம் அதற்கு அறுபது ஆண்டுகள் முந்தையது என்பதை 1952-ஆம் ஆண்டு ரப்பர் - அரிசி உடன்படிக்கை காட்டுகிறது. இத்தகைய உறவின் தன்மையைத் தீர்மானிப்பது பெரிய நாட்டின் நோக்கம் மட்டுமன்று. பேரத்தின்போது சிறிய நாட்டின் கையில் எஞ்சியிருக்கும் வலிமையும் ஆகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சீன அயலுறவு, பொருளாதார அரசுறவு, இலங்கை, ரப்பர் - அரிசி உடன்படிக்கை, அம்பாந்தோட்டை.

பின்னணி

கொரியப் போரில் சீனா இறங்கியதை அடுத்து, 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை போர்முறை முக்கியத்துவமுள்ள பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பக்கூடாது எனப் பரிந்துரைத்தது. ரப்பரும் அத்தடைக்குள் அடங்கியது. 1955-இல்தான் ஐ.நா. உறுப்புரிமை பெற்ற இலங்கை, அப்போது அத்தீர்மானத்திற்குக் கட்டுப்பட்டிருக்கவில்லை. அதே வேளையில் இலங்கை இருமுனை நெருக்கடியில் இருந்தது. போர்க்கால ஏற்றத்திற்குப்பின் ரப்பர் விலை சரிந்தது. இறக்குமதி அரிசியோ விலை உயர்ந்து கிடைப்பதற்கும் அரிதாயிற்று. அமெரிக்காவுடன் நடத்திய பேச்சு இலங்கை எதிர்பார்த்த விலையைத் தரவில்லை.

உடன்படிக்கை

வணிக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க தலைமையிலான குழு பெய்ஜிங் சென்றது. 1952 அக்டோபரில் 80,000 டன் அரிசிக்கான முதல் ஒப்பந்தமும், டிசம்பர் 18-இல் ஐந்தாண்டு உடன்படிக்கையும் கையெழுத்தாயின. ஆண்டுதோறும் சீனா 2,70,000 மெட்ரிக் டன் அரிசி வழங்கவும், இலங்கை 50,000 மெட்ரிக் டன் ரப்பர் வழங்கவும் இசைந்தன. ரப்பருக்குச் சந்தை விலையைவிட உயர்ந்த விலையைச் சீனா அளித்தது.

இதனைக் கொள்கை உறவாகக் கொள்ள இயலாது. கையெழுத்திட்ட டட்லி சேனநாயக்க அரசு பொதுவுடைமைக்கு எதிரானது; 1950-இலேயே இலங்கை சீன மக்கள் குடியரசை ஏற்றிருந்தும், தூதரக உறவு 1957-இல்தான் அமைந்தது. வணிகம் முன்னே சென்றது. தூதரகம் பின்னே வந்தது. தனிமைப்படுத்தப்பட்டிருந்த சீனாவுக்கு ரப்பரோடு, தடை வேலியில் ஒரு வாயிலும் கிடைத்தது. அந்த உயர்விலையை அவ்வாயிலுக்கான விலையாகவும் கொள்ளலாம். இலங்கையோ இதற்காக அமெரிக்க உதவியைச் சில ஆண்டுகள் இழந்தது.

உடன்படிக்கையின் வரம்பையும் குறிப்பிடல் வேண்டும். அது அரிசி வரத்தை உறுதிசெய்தது. அரிசி மானியத்தின் நிதிச்சுமையைத் தீர்க்கவில்லை. மானியக் குறைப்புக்கு எதிராக 1953 ஆகஸ்டில் எழுந்த ஹர்த்தாலையடுத்து டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

பேரவலிமையின் தேய்வு

1950களின் நடுவில் தடை தளர்ந்து, மலாயா ரப்பரும் சீனாவுக்குச் செல்லத் தொடங்கியது. 1957-இல் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது ரப்பருக்கான உயர்விலை நீங்கி, அதனிடத்தில் நிதியுதவி வந்தது. விற்பவருக்கு உரிய விலை, கொடுப்பவர் மனமுவந்து அளிக்கும் உதவியாக மாறிய இத்திருப்பம் போதிய கவனம் பெறவில்லை. சீனாவின் நட்பு குறையவில்லை. இலங்கையின் பொருளுக்கு இருந்த அருமையே குறைந்தது.

2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனமொன்றிடம் சென்றதை இத்தொடர்ச்சியில் வைத்து நோக்கலாம். இதனைக் ‘கடன்பொறி’ என்பது முழு விளக்கமாகாது. பெறப்பட்ட ஏறத்தாழ 112 கோடி டாலர் துறைமுகக் கடனை நீக்கப் பயன்படவில்லை; அந்நியச் செலாவணி இருப்பைத் தாங்கவே பயன்பட்டது. பன்னாட்டுச் சந்தையில் விற்ற கடன்பத்திரங்களின் சுமையும் அந்நெருக்கடிக்குப் பெருங்காரணம். 1952-இல் இலங்கை பேரத்திற்குக் கொண்டுசென்றது பிறர் தர மறுத்த பொருள். 2017-இல் கொண்டுசென்றது டாலர் பற்றாக்குறை.

முடிவுரை

சீனப் பொருளாதார அரசுறவைக் கொடை என்றோ சூழ்ச்சி என்றோ ஒற்றைச் சொல்லில் வரையறுப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1952, 1957, 2017 ஆகிய மூன்று கட்டங்களிலும் எதிர்த்தரப்பு ஒன்றே. மாறியது இலங்கையின் பேரவலிமை. எனவே சீனாவின் நோக்கத்தை ஆராய்வதோடு, அதனுடன் உடன்படும் நாடுகளின் ஏற்றுமதி, செலாவணி இருப்பு, மாற்று வாய்ப்புகள் ஆகியவற்றையும் ஆய்வுகள் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.