நஷ்ட ஈடு பிச்சையன்று

யந்திரத்தில் அகப்பட்டு விரலிழந்த தொழிலாளியைக் கண்டால், "அவன் தலையெழுத்து" என்று பெருமூச்செறிந்து போவது நம்மவரில் பலருக்கு இன்னும் வழக்கமாயிருக்கிறது. முதலாளி மனமிரங்கி ஏதேனும் கொடுத்தால், அதைத் தருமமென்று வாங்கிக் கும்பிடுவோரும் உளர். இத்தலையெழுத்து வாதம் நம்மிடையே மட்டும் வழங்கியதன்று. யந்திரத் தொழிலின் தாயகமாகிய இங்கிலாந்தில் நீதிபதிகளே இதற்கு வேறு பெயரிட்டுச் சட்டமாக்கி வைத்திருந்தனர். அது தகர்ந்த வரலாற்றை நம் தொழிலாளர் அறிதல் அவசியமென்று கருதுகிறோம்.

1835-ம் ஆண்டில் பிரீஸ்ட்லி என்னும் பணியாள், இறைச்சிக் கடை முதலாளி பவுலரின் சரக்கு வண்டியில் சென்றான். பாரம் தாங்காது வண்டி முறிந்தது. அவன் தொடையெலும்பும் முறிந்தது. ஜூரிகள் 100 பவுன் அளிக்குமாறு தீர்ப்புரைத்தனர். ஆனால் 1837-ல் எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தில் அபிங்கர் பிரபு அதனைத் தள்ளிவிட்டார். காரணம் யாது? இதற்கு எசமான் பொறுப்பாளியானால், பணியாளை ஈரப் படுக்கையில் படுக்கவைத்த வேலைக்காரியின் பிழைக்கும் அவரே பொறுப்பாக நேரிடுமாம்! ஆபத்தென்று தோன்றினால் பணியாள் அவ்வேலையை மறுத்திருக்கலாமாம்! மறுத்தவன் மறுநாள் எதை உண்பான் என்று அம்மன்றத்தில் எவரும் கேட்டிலர்.

அதன் பின்னர் முதலாளிகள் மூன்று கேடயங்களை ஏந்தி நின்றனர். விபத்து உடன் வேலைசெய்தவன் தவறால் நேர்ந்தது என்பது ஒன்று. ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தான் என்பது இரண்டு. அவனுடைய கவனக்குறைவும் சேர்ந்தது என்பது மூன்று. ஆயிரம் பேர் உழைக்கும் ஆலையில் யாரோ ஒரு தொழிலாளியின் பிழை கலவாத விபத்து எத்தனை இருக்கக்கூடும்? ஆகவே, கையிழந்தவன் வெறுங்கையுடனேயே திரும்பினான்.

1880-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. மேஸ்திரி முதலியோரின் தவறுக்கு முதலாளி பொறுப்பாளி என்று அது ஓரளவு ஒப்புக்கொண்டது. ஆயினும், அவ்வுரிமை வேண்டாமென்று தொழிலாளியிடம் முன்னரே ஒப்பந்தம் வாங்கிக்கொள்ளும் தந்திரத்தை முதலாளிகள் கண்டுபிடித்தனர். 1882-ல் நீதிமன்றமும் அது செல்லுமென்றது. கொடுத்த உரிமையை ஒரு கையெழுத்து பறித்துவிட்டது!

இதற்கிடையே ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884-ல் வேறு வழி வகுத்தார். முதலாளிகள் கூட்டாக நிதி செலுத்த வேண்டும். தவறு யாருடையதென்ற விசாரணை வேண்டியதில்லை. முற்றும் உழைப்பிழந்தவனுக்குக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். சமதர்மிகளின் பக்கம் தொழிலாளர் சாய்ந்துவிடாதபடி தடுப்பதே பிஸ்மார்க்கின் நோக்கம். தொழிலாளர் விழித்துக்கொண்டதைக் கண்ட பின்னரே அவருடைய கருணையும் விழித்தது.

இங்கிலாந்தில் ஜோசப் சேம்பர்லேனின் முயற்சியால் 1897-ல் நஷ்ட ஈட்டுச் சட்டம் பிறந்தது. வேலையினால் வேலை நேரத்தில் காயமுற்றால் போதும். முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. வாரக் கூலியில் பாதி வரை, 1 பவுனுக்கு மேற்படாமல், கிடைக்கும். இறந்தவனை நம்பியிருந்த குடும்பத்துக்கு 300 பவுன் வரை உண்டு. முதலில் ரயில்வே, ஆலை, சுரங்கம் முதலிய சில தொழில்களுக்கே இருந்த இச்சட்டம், 1906-ல் பெரும்பாலான தொழில்களுக்கும், ஈய விஷம் போன்ற சில தொழில் நோய்களுக்கும் விரிந்தது. "உடன் வேலைசெய்தவன் தவறு" என்னும் கேடயமோ 1948-ல்தான் அடியோடு ஒழிந்தது. ஒரு தீர்ப்பின் தீமையைத் துடைக்க 111 ஆண்டுகள்!

இவ்வெளிச்சம் இந்தியாவை 1923-ல் எட்டியது. மலாயாவில் 1952-ல் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. 1969-ம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மலேசியாவில் பெர்க்கேசோ அமைந்தது. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். சிங்கப்பூரின் 2019-ம் ஆண்டுச் சட்டப்படியும் முதலாளியின் தவறைக் காட்ட வேண்டுவதில்லை. ஆனால் விபத்து நிகழ்ந்து ஓராண்டுக்குள் கோரிக்கை செய்தல் வேண்டும்.

ஏட்டில் உரிமை இருந்தும் கேளாதவனுக்கு என்ன பயன்? காயம் சிறிதாயினும் அன்றே மேலாளரிடம் தெரிவியுங்கள். மருத்துவச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். கண்டவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். படித்துப் பொருளறியாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதீர்கள். 1882-ன் பாடம் அதுவே. போன விரலைச் சட்டம் திருப்பித் தராது. ஆனால் விரலிழந்தவன் வீட்டில் அடுப்பெரியச் செய்யும். அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை, கேளாதிருப்பதே வெட்கம்.